அக்கா கொடுக்கவிருந்த சிறுநீரகம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் வார்டில் எல்லோருக்கும் தெரியும். டிபன் பாக்ஸின் அடித்தட்டில் ஊறுகாயை ஒளித்துக்கொண்டு டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் என்னைக் கண்டதும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். தஞ்சாவூரில் இத்தனை வருஷமாகச் சிறுநீரக வைத்தியம் பார்க்கிறேன். பார்க்கிற பக்கமெல்லாம் ஆறும் வாய்க்காலுமாக இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்காதே என்று கத்துவதுதான் என் பிழைப்பு. கத்திக் கத்திக் குரலே இப்படிக் கரகரத்துப் போய்விட்டது.

ஆனால் என்னையே வாயடைக்க வைத்த இரண்டு பெண்கள் உண்டு. அக்காவும் தங்கையும். திருக்காட்டுப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம்.

தங்கைதான் முதலில் வந்தாள். இருபத்து நான்கு வயது. தலைப்பிரசவம், சுகப்பிரசவம், பெண் குழந்தை. மூன்றாம் நாள் முகம் வீங்கியது, சிறுநீர் நின்றுபோனது, உடம்பு வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்தது. ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். பிரசவத்தின்போது கொஞ்சம் அதிகமாகவே ரத்தம் போயிருந்தது என்று கூடவந்த சீட்டில் எழுதியிருந்தது. உடனே டயாலிசிஸ் போட்டோம். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தபோது, உள்ளே இருக்கிற மிகச்சிறிய ரத்தக்குழாய்களெல்லாம் கட்டிதட்டி அடைந்து கிடந்தன. பிரசவத்தில் ரத்தம் போனதால் வந்த சேதம் என்று நான் எழுதினேன். அப்படி வருவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. மூன்று மாதம் காத்திருந்தோம். அவளுடைய சிறுநீரகங்கள் திரும்ப எழுந்திருக்கவில்லை.

வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும். "வெள்ளிக்கிழம வேணாம்மா, வேற நாளு குடுங்க" என்று கேட்டாள். நாள் நட்சத்திரம் பார்ப்பதற்கு இது கிரகப்பிரவேசமா என்று சுள்ளென்று விழுந்தேன். அதிகம் பேசாத பெண். கையில் ஊசி குத்தும்போதுகூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள மாட்டாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

அவளுக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அக்கா. ஐந்து வயது மூத்தவள், பக்கத்துக் கிராமத்துத் தபால் ஆபீசில் தபால் கொடுக்கிற வேலை, ஒரு மகன். தங்கையை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வருவாள், பஸ்ஸில் தஞ்சாவூர் வருவாள், நான்கு மணி நேரம் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். தங்கையின் சீட்டுகளையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி ஒரு ஃபைலில் வைத்திருப்பாள். எங்கள் ரெக்கார்டு அறையில் காணாமல் போன சீட்டைக்கூட அவளிடம் கேட்டு வாங்கியிருக்கிறோம். தங்கையின் குழந்தையையும் அவள்தான் வளர்த்தாள். அது அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டது.

தானம் பற்றிப் பேச்சு எடுக்க நான் சரியான சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை முந்திக்கொண்டாள்.

"எனக்கு ரெண்டு இருக்கு, அவளுக்கு ஒன்னும் இல்ல. இதுல யோசிக்க என்ன இருக்குங்க? தேதியச் சொல்லுங்க, லீவு போடணும்."

பரிசோதனை எல்லாம் செய்தோம். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, அவரை எடுக்க முடியாது. அக்காவுக்கு எல்லாமே பொருந்தியது. எத்தனையோ ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன், பாதிக்குப் பாதி பொருந்தினாலே சந்தோஷப்படுவோம். இவர்களுக்கு ஒரு இடம்கூட விலகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நர்ஸுகளுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் கழிந்து, அறுப்பெல்லாம் முடிந்தபிறகு அறுவை என்று தேதி குறித்தோம். தானம் கொடுப்பவருக்கென்று ஒரு நீளமான படிவம் உண்டு. அதில் ஒரு கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோய் உண்டா? அம்மாவும் இரண்டு பெண்களும் எதிரே உட்கார்ந்திருக்க, நான் வாய்விட்டுக் கேட்டேன். அம்மா, "இல்லைங்கம்மா, எங்க வகையில யாருக்கும் கெடையாது" என்றார். இல்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

அறுவைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அவர்கள் கிராமத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம் பார்க்கிற வழக்கமான முகாம்தான். முடித்துக்கொண்டு நாங்கள் திரும்பும்போது மத்தியான வெயில். சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதியை ஒரு அறுவடை மிஷின் அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். யாரும் சட்டை பண்ணவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. பி.பி. மிஷின்களும் சீட்டுகளும் திணித்த பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். எதற்குப் பையையும் தூக்கினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. கோபத்தில் இறங்குகிறவர்கள் எதையாவது கையில் எடுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் முக்காட்டை எடுத்துவிட்டு ஓடிவந்தார். பார்த்தால் அந்தப் பெண்களின் அம்மா.

"அய்யய்ய, டாக்டரம்மா, நீங்களா? வெயில்ல நிக்கிறீங்களே. அந்தப் பைய இதுமேல வைங்க."

சாலையோரத்தில் இரண்டு கல் நட்டு, மேலே குறுக்கே ஒரு பலகைக்கல் போட்டிருந்தது. என் தோள் உயரம். பையை வைத்தேன்.

"வைங்க, வைங்க. அதுக்குத்தானே அது இருக்கு. எங்கக்காவுக்காக எங்கப்பா போட்டது."

சுமைதாங்கிக் கல். கேள்விப்பட்டிருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சியாக ஒரு பெண் இறந்துபோனால், சுமையை இறக்காமலே போய்விட்டாளே என்று, தலைச்சுமையோடு வழியில் போகிறவர்கள் இறக்கிவைத்து இளைப்பாற அவள் பெயரில் இப்படி ஒரு கல் போடுவார்கள். அதில் ஒவ்வொரு சுமை இறங்கும்போதும் அவளுடைய சுமை கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை. நான் என் பி.பி. மிஷின்களை இறக்கி வைத்திருந்தேன்.

"உங்க அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"அது எதுக்கும்மா இப்ப?"

"சொல்லுங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சுற்றி யாரும் இல்லை, இருந்தாலும் தாழ்த்திக்கொண்டார். "எட்டு மாசம். மொகம், காலு எல்லாம் வீங்கிப்போச்சு. மூக்குல ரத்தம் வந்துச்சு. நாலு நாளா ஒன்னுக்கே வரல. ஒடம்பு அப்படியே வெளுத்து, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிருச்சு. வண்டி கட்டிக்கிட்டுத் தஞ்சாவூருக்குக் கெளம்பினாங்க. பாதி வழியிலேயே போயிருச்சு. நான் அப்ப சின்னப் புள்ள."

சிறுநீர் நின்றது, உடம்பு வெளுத்தது, ரத்தம் கசிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆம்புலன்ஸிலிருந்து நான் இறக்கிய பெண்ணை அப்படியே சொல்கிறார், ஆள் மட்டும் வேறு.

"இத ஏங்க எங்கிட்ட சொல்லல? உக்கார வச்சுக் கேட்டேனே, குடும்பத்துல யாருக்காவது கிட்னி வியாதி இருக்கான்னு."

என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் திகைத்துப்போனார்.

"நீங்க கிட்னி வியாதியக் கேட்டீங்க. இது புள்ளத்தாச்சியா செத்ததும்மா. அதுவும் புள்ள பெத்து நோவுல கெடக்குறவ ஒருத்தி பக்கத்துல, இன்னொன்னு பெத்துக்கணும்னு இருக்குறவ ஒருத்தி பக்கத்துல. அங்க வச்சு அவ பேச்ச எடுப்பாங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை. கர்ப்பமாக இறந்தவளின் பேச்சைப் பிள்ளை பெறுகிற வயதுப் பெண்களின் காதில் போடக்கூடாது. அது அவர்கள் வீட்டு ஒழுங்கு. அவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டேனே, என் புத்தியைத்தான் சொல்லவேண்டும். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. தங்கையின் ஒவ்வொரு சீட்டிலும் விலாசம் என்ற இடத்தில் "சுமைதாங்கி பஸ் ஸ்டாப் அருகில்" என்றே எழுதியிருந்தது. இரண்டு வருஷமாக அந்தச் சீட்டுகளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு பெண்ணின் சாவைப் பற்றி ஊரே கல்லில் எழுதி ரோட்டில் நிறுத்தி வைத்திருக்கிறது, டாக்டரான எனக்கு அது பஸ் நிற்கிற இடம்.

அம்மாவின் அந்த அக்காவுக்கு வந்தது வெறும் ரத்தக்கொதிப்பாகக்கூட இருந்திருக்கலாம். கர்ப்பத்தில் அதுவும் அப்படித்தான் கொல்லும். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேர் என்றால் இன்னொரு நோயை நினைத்தே ஆகவேண்டும். மறுநாளே அறுவையை நிறுத்தினேன். அக்கா, தங்கை, அம்மா, மூன்று பேர் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு வெளியூர் அனுப்பினேன். முடிவு வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

அக்காவுக்கு வந்ததே கோபம். "லீவு போட்டாச்சு, புள்ளைங்கள விட ஆளு ஏற்பாடு பண்ணியாச்சு. எப்பவோ செத்த பெரியம்மாவுக்காக இவ கெடந்து சாகணுமா?" என்று என் அறை வாசலில் நின்று கேட்டாள். வெளியே வரிசையில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. தங்கைக்கு இருந்தது. அம்மாவுக்கு இருந்தது. அக்காவுக்கும் இருந்தது.

என்ன இருந்தது என்பதை அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இந்த விஷயத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கே மலைப்பாக இருக்கும். நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று ஒரு கூட்டம் புரதங்கள் ஓடுகின்றன. கிருமியைக் கண்டால் அதன் சுவரில் ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். ஆனால் அது கிருமி வந்தபிறகு கிளம்புகிற படை அல்ல. பிறந்த நாளிலிருந்து ஒரு நொடிகூட நிற்காமல் லேசாக வேலை செய்துகொண்டே இருக்கும். யாரைக் கொல்வது, யாரை விடுவது என்று அதற்குத் தெரியாது. நம்முடைய சொந்தச் செல்கள் ஒவ்வொன்றும் தன்மேல் ஒரு தடுப்பை வைத்துக்கொண்டு அதைத் திருப்பி அனுப்புகின்றன. நாம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதெல்லாம் உள்ளே இது நடக்கிறது. அந்தத் தடுப்பு கொஞ்சம் பழுதாக இருந்தால் வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிரசவம் மாதிரி ஒரு பெரிய அலைச்சல் வரும்போது, தடுப்பு தாங்காமல் போய், சொந்தச் சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களையே அது அரித்துவிடும்.

இதை நான் தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா இடைமறித்தாள்.

"தண்ணி எப்பவும் வந்துக்கிட்டேதான் இருக்கும். மடை ஷட்டருதான் பழுது. அதானேங்க?"

"அதேதான்."

"ஷட்டரு எங்க இருக்கு? ஆத்துலயா, அவங்கவங்க வயலு வாய்லயா?"

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். மேற்படிப்பு மாணவர்களிடம் நான் கேட்கிற கேள்வி அது. பாதிப்பேர் முழிப்பார்கள். சில குடும்பங்களில் பழுதாகிற தடுப்பு ரத்தத்தில் ஓடுகிற வகை. அவர்களுக்கு எந்தச் சிறுநீரகத்தை வைத்தாலும் நோய் திரும்பிவந்து அதையும் தின்றுவிடும். இவர்களுக்குப் பழுது, செல்லின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிற தடுப்பில்.

"வயலு வாயில" என்றேன்.

"அப்ப நல்ல வயலு ஒன்னு வந்தா, அதோட ஷட்டரும் கூடவே வந்துரும். அவளுக்கு நோவு திரும்பாது."

"பெரும்பாலும் திரும்பாது."

"ஆனா என் வயலுலயும் ஷட்டரு பழுது."

"ஆமா. உன்னுத வச்சா அவளுக்கும் ஆபத்து. ஒன்ன குடுத்துட்டு ஒன்னோட நிக்கிற உனக்கும் ஆபத்து."

அவள் ஃபைலை மூடினாள். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. ஒரு மகனைப் பெற்று ஒன்றும் ஆகாமல் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற தன்னைப் பார்த்து, நீ ஆகமாட்டாய் என்று சொல்கிறார்களே என்று அவளுக்குத் தாங்கவில்லை. அந்தப் பழுது இருக்கிறவர்களில் பாதிப்பேருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆகாது என்பதையும் சொன்னேன். அது ஆறுதலாக இல்லை. அம்மாவோ, "நாந்தான் குடுத்தேனா, என் வயித்துலேர்ந்துதான் போச்சா?" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "உங்களுக்கும் யாரோ குடுத்ததுதாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர்களுக்குப் பின்னால் சுவரோரமாகத் தங்கையின் கணவர் நின்றுகொண்டிருந்தார். அறுவடை மிஷின் ஓட்டுகிறவர், சீசனில் ஒரு ஊரில் இருக்கமாட்டார். இரண்டு வருஷத்தில் நான் அவரோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

"என்னுது ஆவாதுங்களா?" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"என்னைய யாரும் கேக்கலையேங்க."

உண்மை. கேட்கவில்லை. மனைவிக்குக் கணவன் கொடுப்பது எங்கள் பக்கத்தில் அவ்வளவு அபூர்வம். கணவனுக்கு மனைவி கொடுப்பாள், மகனுக்கு அம்மா கொடுப்பாள், தங்கைக்கு அக்கா கொடுப்பாள். ஆண்களைக் கேட்டு, அவர்கள் தரையைப் பார்த்து, பின்னாலிருந்து அவர்களுடைய அம்மா அழ ஆரம்பித்து, இதையெல்லாம் பார்த்துப் பார்த்து நான் கேட்பதையே விட்டிருந்தேன். அவருடைய அம்மாவும் அழத்தான் செய்தார், மூன்று நாள். இவர் மூன்று நாளும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு, நான்காம் நாள் ரத்தம் கொடுக்க வந்துவிட்டார். ரத்த வகை ஒத்துவந்தது. ஆறு இடத்தில் ஒரு இடம்தான் பொருந்தியது. பரவாயில்லை, அதற்கு மருந்து இருக்கிறது. அவருடைய ஷட்டர் நன்றாக இருந்தது.

அறுவை நாளில் நான் தியேட்டருக்குள் போனேன். எனக்கு அங்கே வேலை கிடையாது. வெட்டித் தைப்பதெல்லாம் சர்ஜன்கள். "பூஜைக்கு வந்துட்டாங்க" என்று அவர்கள் கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும். அந்த ஒரு நிமிஷத்தை நான் விடுவதில்லை. ஐஸில் இருந்து எடுத்த சிறுநீரகம் சாம்பல் நிறத்தில், செத்த பொருளாகக் கையில் இருக்கும். குழாய்களைத் தைத்து முடித்து, பிடித்திருக்கிற கிளாம்பை எடுப்பார்கள். ரத்தம் உள்ளே போகும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து ரோஜா நிறம் ஏறும், இறுகும், துடிக்கும். பிறகு எல்லோரும் வெட்டுப்பட்ட சிறுநீர்க்குழாயின் நுனியையே பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு சொட்டு வந்தது. இன்னொன்று. பிறகு நூல் பிடித்த மாதிரி வந்தது. ஒருவன் உடம்பில் வேலை செய்துகொண்டிருந்தது, ஒரு மணி நேரம் செத்துக் கிடந்தது, இன்னொருத்தி உடம்பில், எதையும் கேட்காமல், விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உடம்பு புல்லரிக்கும். கண்ணாடிக்குள் கண் கலங்கிவிடும். துடைக்கவும் முடியாது, கையில் உறை.

வெளியே வந்து, சிறுநீர் வந்துவிட்டது என்றேன். அக்கா என் காலில் விழப் பார்த்தாள். அதட்டி எழுப்பினேன். என்மேல் அவளுக்கு இருந்த கோபம் தீர்ந்திருக்கவில்லை, அது அவள் கண்ணிலேயே தெரிந்தது. தங்கைக்குக் கிடைத்தது அவளுக்குச் சந்தோஷம்தான். தன்னால் கொடுக்க முடியவில்லை என்பது தனி.

"நீ இனிமே உண்டாகக் கூடாது. அப்படி உண்டானா உடனே எங்கிட்ட வரணும்" என்று அக்காவிடம் கண்டித்துச் சொல்லியிருந்தேன். இந்த இரண்டு வாக்கியத்தில் முதலாவதை அவள் கேட்கவே இல்லை, இரண்டாவதைப் பாதிதான் கேட்டாள். இரண்டு வருஷம் கழித்து, ஐந்து மாத வயிற்றோடு வந்து நின்றாள்.

"திட்டாதீங்க. திட்டுனா பி.பி. ஏறும்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

நான் திட்டவில்லை. அவளுடைய கர்ப்ப அட்டையின் மேல் சிவப்பு மையில், பிரசவத்துக்குப் பிறகு ஏழு நாளும் காலை மாலை ரத்தப் பரிசோதனை, சிறுநீர் அளவு, எதுவாக இருந்தாலும் எனக்கு போன் என்று எழுதினேன். பிரசவ வார்டு டாக்டர் சிரித்தார். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெற்றாள். பெண் குழந்தை. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் ரத்தத் தட்டணுக்கள் பாதியாக இறங்கியிருந்தன. நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சிவப்பணுக்கள் நொறுங்கிக் கிடந்தன. மத்தியானத்துக்குள் சிறுநீர் குறைந்தது.

இந்த நோய்க்கென்றே ஒரு ஊசிமருந்து உலகத்தில் இருக்கிறது. எங்கள் ஊருக்கு அது நினைத்த நேரத்தில் வந்து சேர்வதில்லை. கழுத்தில் குழாய் போட்டு, அவளுடைய ரத்தநீரை எடுத்துவிட்டு வேறு ரத்தநீர் ஏற்ற ஆரம்பித்தோம். நான்கு நாள், தினமும். சிறுநீரகத்தின் சேதத்தைக் காட்டுகிற கிரியாட்டினின் எண் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு நாள் முழுக்க அவளுக்கு வந்த சிறுநீர் ஒரு டம்ளர். டயாலிசிஸ் மிஷினைப் படுக்கைக்குப் பக்கத்தில் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டேன். தங்கை படுத்திருந்த அதே மிஷின்.

தங்கைதான் பக்கத்தில் இருந்தாள். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவள் ஆஸ்பத்திரியில் கிருமிகளுக்கு நடுவே உட்காரக்கூடாது என்று நான் கத்தினேன். முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அக்கா பாத்ரூம் போய்வரும்போதெல்லாம் அளவு ஜாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சுவரில் ஒட்டிய தாளில் எழுதினாள். நாற்பது மில்லி. முப்பது. அறுபது.

ஐந்தாம் நாள் மத்தியானம் நான் ரவுண்ட்ஸில் இருந்தபோது தங்கையே தேடிக்கொண்டு வந்தாள். ஜாடியைக் கையில் ஏந்திக்கொண்டு, வராந்தாவில், எல்லோருக்கும் நடுவில்.

"ஐநூறு" என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, ஜாடியைக் கீழேயும் வைக்காமல், முகத்தையும் மூடாமல், அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

நாங்கள் ஏற்றிய ரத்தநீர்தான் காப்பாற்றியதா, அந்த வகைப் பழுது சில சமயம் தானாகவே அடங்கும் என்பதால் அடங்கியதா, சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அந்த நான்கு நாளும் அடிவாங்கி, சேதப்பட்டு, இருந்தும் எழுந்திருக்க மிச்சமிருந்தது இரண்டு சிறுநீரகங்களும் இருந்ததால்தான். ஒன்றே ஒன்றாக இருந்திருந்தால் அந்த மிஷினில் அவள் படுத்திருப்பாள். அதைவிட மோசமாகவும் ஆகியிருக்கும். இரண்டில் ஒன்றை எடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

வீட்டுக்குப் போகிற நாளில் அதை அவளிடம் சொல்லிவிட்டேன். நான் அப்படியெல்லாம் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. அன்றைக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தங்கை துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க வேணாம்னு சொன்னப்ப, உங்களுக்கு மண்ண வாரித் தூத்துனேன், தெரியுமா? மனசுக்குள்ளதான்" என்றாள் அக்கா.

"தூத்தினா என்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். பிறகு, எதற்கு என்று தெரியவில்லை, கேட்டேன். "இப்ப எல்லாம் தெரிஞ்சிருச்சில்ல. இப்படி ஆகும்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்து, நானும் சரின்னு சொல்லியிருந்தா, என்ன பண்ணியிருப்ப?"

அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு தட்டிக்கொடுத்தாள். யோசிக்கவில்லை.

"குடுத்திருப்பேன்."

தங்கை மடித்துக்கொண்டிருந்த துணியைக் கட்டிலில் எறிந்தாள். "வாய மூடிக்கிட்டு இரு" என்றாள், அக்காவைப் பார்க்காமல். நான் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். தானம் கொடுப்பவரின் பாதுகாப்பு, சட்டம், நியாயம் என்று மாணவர்களுக்குச் சொல்கிற எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. அக்காவின் கழுத்தில் குழாய் போட்ட காயத்தில் கட்டு சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.